பாதுகாப்பான, மரியாதையான செவிலியர் பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவிலியர் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களும், வீட்டில் நோயுற்ற ஒருவரைக் கவனித்துக்கொள்பவர்களும், மருத்துவமனையில் இருக்கும் உறவினருக்குக் கிடைக்கும் கவனிப்பு சரியானதுதானா என்று அறிய விரும்புபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

நோயாளியின் பாதுகாப்பும் அவருக்குத் தரும் மரியாதையும் வெவ்வேறு விஷயங்கள் அல்லவா?

பாடத்திட்டத்தில் அவை தனித்தனிப் பாடங்களாக இருக்கலாம். நோயாளியின் படுக்கையருகே அவற்றைப் பிரிக்கவே முடியாது. நேற்று வரை வெள்ளை மாத்திரை விழுங்கிய ஒருவருக்கு இன்று மஞ்சள் மாத்திரை நீட்டப்படும்போது, அந்த வேறுபாட்டை முதலில் கவனிக்கும் வாய்ப்பு அவருக்கே உண்டு. அவர் அதை வாய்விட்டுக் கேட்பாரா, பேசாமல் விழுங்கிவிடுவாரா என்பது, முன்பு அவர் கேட்ட கேள்விகளுக்கு எத்தகைய பதில் கிடைத்தது என்பதைப் பொறுத்தது. முகச்சுளிப்போடு பெட்பேன் (படுக்கையிலேயே மலசலம் கழிக்க உதவும் பாத்திரம்) வைக்கப்பட்ட மூதாட்டி அடுத்த முறை அழைப்பு மணியை அழுத்தத் தயங்குவார். இரவில் தானே எழுந்து கழிப்பறைக்குப் போக முயன்று விழுவார். அல்லது சிறுநீர் வரக்கூடாது என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். உடலில் நீர்ச்சத்து குறையும், சிறுநீர்த் தொற்று வரும். இந்தக் கேடுகளுக்குக் காரணம் மருத்துவ அறிவுக் குறைபாடு அன்று, ஒரு முகபாவம்தான். ஆகவே, கீழே வரும் விடைகள் ஒவ்வொன்றிலும் இவ்விரண்டும் பின்னியே வருகின்றன.

கைகளை எப்போதெல்லாம் சுத்தம் செய்ய வேண்டும்? கையுறை அணிந்தால் போதாதா?

உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களை வகுத்திருக்கிறது: நோயாளியைத் தொடும் முன்; ஊசி போடுதல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்ற தூய்மை தேவைப்படும் பணிக்கு முன்; ரத்தம், சிறுநீர், சளி போன்றவை கையில் பட்டிருக்கக்கூடிய பணிக்குப் பின்; நோயாளியைத் தொட்ட பின்; அவரைத் தொடாவிட்டாலும் அவருடைய கட்டில், மேசை, சலைன் கம்பி போன்றவற்றைத் தொட்ட பின். இவற்றுள் கடைசித் தருணமே மிக எளிதாக மறந்துபோவது. கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கிவிட்டு அடுத்த நோயாளியிடம் செல்பவருக்குத் தாம் யாரையும் தொட்டதாகவே தோன்றாது.

ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்பு மருந்தாக இருந்தால் 20 முதல் 30 விநாடிகள், சோப்பும் தண்ணீருமாக இருந்தால் முழுச் செய்முறைக்கும் 40 முதல் 60 விநாடிகள் ஆகும். கட்டைவிரலும் விரல்நுனிகளும் விடுபடுவது வழக்கம் என்பதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலோ, சில வகை வயிற்றுப்போக்குக் கிருமிகள் உள்ள நோயாளியைக் கவனித்தாலோ சோப்பும் தண்ணீருமே ஏற்றவை. அக்கிருமிகளின் வித்துகளை ஆல்கஹால் அழிப்பதில்லை.

கையுறை ஒருபோதும் கை கழுவுவதற்கு மாற்று ஆகாது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கலாம். கழற்றும்போதே கை மாசுபடலாம். ஒரே கையுறையோடு இரண்டு நோயாளிகளைத் தொடுபவர் தம் கையைக் காத்துக்கொண்டு கிருமியைப் பரப்புகிறார். 1847இல் வியன்னா மகப்பேற்று மருத்துவமனையில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ், பிரசவ வார்டுக்குள் நுழையும் முன் குளோரின் கரைசலில் கைகளைக் கழுவச் செய்து, தாய்மார்களின் இறப்பு வெகுவாகக் குறைந்ததைக் காட்டினார். அவருடைய காலத்து மருத்துவர்கள் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். இன்று அதை யாரும் மறுப்பதில்லை. அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள், விளைவு ஒன்றுதான்.

ஒவ்வொரு முறையும் பெயரைக் கேட்கிறார்களே, அது எரிச்சலாக இருக்காதா?

இருக்கும். காரணத்தைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் அந்த எரிச்சல் தணிந்துவிடும். "உங்களுக்கு உரிய மருந்து உங்களுக்கே வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் கேட்கிறோம்" என்ற ஒரு வாக்கியம் போதும். கேட்கும் விதத்தில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. "நீங்கள்தானே கமலா?" என்று கேட்டால், காது மந்தமானவரும் அரைத்தூக்கத்தில் இருப்பவரும் மரியாதைக்காகவே தலையசைத்து விடுவார்கள். "உங்கள் முழுப் பெயரைச் சொல்லுங்கள் அம்மா" என்று கேட்டால் அவர் வாயிலிருந்து பெயர் வந்தே ஆக வேண்டும். அதோடு பிறந்த தேதியையோ மருத்துவமனைப் பதிவு எண்ணையோ கைப்பட்டையில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கட்டில் எண் அடையாளம் ஆகாது. கட்டில்கள் மாறும், ஆட்களும் மாறுவார்கள். "ஏழாம் எண் கட்டில்" என்று ஒரு மனிதரைக் குறிப்பிடுவது மரியாதைக் குறைவு என்பதோடு ஆபத்தும்கூட.

மருந்து கொடுக்கும்போது தவறு நேராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி (வாய்வழியா, ஊசியா), சரியான நேரம் என்ற ஐந்தும் எல்லோருக்கும் மனப்பாடம். கொடுத்தவுடன் பதிவு செய்வதையும், கொடுத்தபின் விளைவைக் கவனிப்பதையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால், இந்த ஐந்தையும் ஒப்பிக்கத் தெரிந்தவரிடமும் தவறு நேர்கிறது என்பதால், தவறு எந்த இடத்தில் நுழைகிறது என்பதைத் தெரிந்துகொள்வதே கூடுதல் பயன் தரும்.

முதலாவது, இடையூறு. மருந்தை அளந்துகொண்டிருக்கும் செவிலியரிடம் ஒருவர் நோயாளியின் கோப்பு எங்கே என்று கேட்கிறார், இன்னொருவர் தொலைபேசியை நீட்டுகிறார். திரும்பி வரும்போது அளந்தாயிற்றா இல்லையா என்பது நினைவில் இருக்காது. அத்தகைய நிலையில் விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு. மருந்து எடுக்கும் நேரத்தில் அவரை யாரும் அழைக்கக்கூடாது என்ற ஏற்பாட்டை வார்டு முழுவதும் மதிக்க வேண்டும்.

இரண்டாவது, எழுத்து. அரை மில்லிகிராமை எழுதும்போது புள்ளிக்கு முன் சுழியம் இட்டு 0.5 என்று எழுத வேண்டும்; இல்லையெனில் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். ஐந்து மில்லிகிராமை 5.0 என்று எழுதக்கூடாது. அது 50 ஆக வாசிக்கப்படும். இன்சுலினை 'யூனிட்' என்று முழுமையாக எழுத வேண்டும். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்தை மட்டும் கிறுக்கினால் அது சுழியம்போலத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். இன்சுலினை அதற்கென உள்ள சிரிஞ்சில் மட்டுமே அளக்க வேண்டும்.

மூன்றாவது, அதிக ஆபத்துள்ள மருந்துகள். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றை இன்னொரு செவிலியரும் சரிபார்க்க வேண்டும். "நான் இரண்டு மில்லி எடுத்திருக்கிறேன், சரிதானே?" என்று கேட்பது சரிபார்ப்பு ஆகாது. இரண்டாமவர் முதலாமவரின் விடையைப் பார்க்காமல், மருத்துவரின் குறிப்பிலிருந்து தாமே கணக்கிட்டு அதே விடைக்கு வர வேண்டும். அடர்த்தியான பொட்டாசியத்தை நீர்க்கச் செய்யாமல் ரத்தக்குழாயில் நேரடியாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதை வார்டு அலமாரியில் மற்ற குப்பிகளோடு சேர்த்து வைப்பதே தவறு.

மற்றொருவர் எடுத்து வைத்த மருந்தைக் கொடுக்கக்கூடாது. ஒவ்வாமை உண்டா என்று கோப்பில் பார்த்ததோடு நில்லாமல் நோயாளியிடமும் கேட்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவருக்காக மாத்திரையைப் பொடிக்கும் முன் மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்; உடலில் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும்.

நோயாளி மருந்து வேண்டாம் என்றால்?

சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்கு மறுக்கும் உரிமை உண்டு. வற்புறுத்துவதும், உணவில் மறைத்துக் கொடுப்பதும், "இல்லாவிட்டால் டாக்டரிடம் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டுவதும் தவறு. ஏன் வேண்டாம் என்கிறார் என்று உட்கார்ந்து கேட்பதே முதல் வேலை. குமட்டலாக இருக்கலாம், முன்பு அந்த மருந்தால் தோலில் தடிப்பு வந்திருக்கலாம், காலையில் ஏற்கனவே ஒருவர் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். மறுப்பு ஒரு பாதுகாப்புத் தகவலாகவும் இருக்கக்கூடும். விளக்கியும் மறுத்தால், மருத்துவருக்குத் தெரிவித்துக் கோப்பில் எழுத வேண்டும்.

உடலைத் துடைத்துவிடும்போதும் கழிப்பறைத் தேவைகளுக்கு உதவும்போதும் நோயாளியின் கூச்சத்தை எப்படிக் காப்பது?

பிறர் முன் உடையைக் களைவது நோயைவிடப் பெரிய துன்பமாகப் பலருக்கு இருக்கிறது. உதவியாளர் தம் பாலினத்தவராக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினால், இயன்றவரை அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். தொடங்கும் முன், என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற வேண்டும். தேவையான அனைத்தையும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் துண்டு எடுக்கப் போனால் அவர் திறந்த மேனியோடு காத்திருப்பார்.

திரையை முழுவதும் இழுத்து மூடிவிட்டு, உடல் முழுவதையும் ஒரு போர்வையால் போர்த்தி, துடைக்கும் பகுதியை மட்டும் விலக்க வேண்டும். தண்ணீரின் சூட்டைத் தம் கையால் பார்த்தபின் அவருக்கும் தொட்டுக் காட்டி "இந்தச் சூடு போதுமா?" என்று கேட்கலாம். சோப்பில்லாமல் கண்களை மூக்கருகிலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வெவ்வேறு பகுதியைக் கொண்டு துடைக்க வேண்டும். ஒரு கையைத் துடைத்து, ஈரம் ஒற்றி, போர்வைக்குள் வைத்தபிறகே அடுத்த கைக்குப் போக வேண்டும். பெண்களுக்கு மறைவிடத்தை முன்னிருந்து பின்னாகத் துடைப்பது சிறுநீர்த் தொற்றைத் தடுக்கும். தாமே துடைத்துக்கொள்ள முடிந்தவரிடம் ஈரத்துணியைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது நல்லது.

அப்போது சக ஊழியரோடு அவருடைய தலைக்கு மேலாகச் சொந்தக் கதை பேசுவதை அறவே தவிர்க்க வேண்டும். உடல் தொடப்படும்போது மனிதராகக் கருதப்படாமல் இருப்பதைப்போல் அவமானம் வேறில்லை.

படுக்கைப்புண் வராமல் தடுக்க முடியுமா?

பெரும்பாலான படுக்கைப்புண்களைத் தடுக்க முடியும். எலும்பு துருத்தும் இடங்களில் தொடர்ந்த அழுத்தத்தால் ரத்த ஓட்டம் தடைபட்டுத் திசு சேதமடைவதே படுக்கைப்புண். இடுப்பின் பின்பகுதி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், பின்மண்டை ஆகியவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். ஆக்சிஜன் குழாய் அழுத்தும் காதின் பின்புறத்தையும், கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) கிடக்கும் தொடையையும் பார்க்க மறந்துவிடுவார்கள்.

சிவந்த இடத்தை விரலால் மெதுவாக அழுத்தி எடுங்கள். வெளுத்து மீண்டும் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்காவிட்டால் அதுவே புண்ணின் முதல் நிலை. கருமையான தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், சுற்றியுள்ள பகுதியைவிட அந்த இடம் சூடாகவோ, குளிர்ந்தோ, கெட்டியாகவோ, தொட்டால் வலிப்பதாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பினால் கருநிறத் தோலுள்ளவர்களின் புண் தாமதமாகவே கண்ணுக்குப் படும்.

தாமாகத் திரும்ப முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கம். தோலின் நிலையையும் மெத்தையின் தன்மையையும் பொறுத்து இந்த இடைவெளி மாறலாம். முழுப் பக்கவாட்டில் கிடத்தாமல், முதுகுக்குப் பின் தலையணை கொடுத்து ஏறத்தாழ 30 பாகை சாய்வில் வைத்தால் இடுப்பெலும்பின் மேல் பாரம் விழாது. கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் உயர்த்த வேண்டும். மேலே நகர்த்தும்போது இழுக்காமல், அடியில் விரித்த துணியைப் பிடித்து இருவராகத் தூக்க வேண்டும். இழுத்தால் தோல் உராய்ந்து கிழியும்.

சிவந்த இடத்தை எண்ணெய் தடவித் தேய்த்துவிடுவது அன்பினால் செய்யப்படும் தீங்கு. ஏற்கனவே நலிந்த திசு அதனால் மேலும் சிதையும். நடுவில் துளையுள்ள வளையத் தலையணையும் கூடாது. அது விளிம்பில் அழுத்தி உள்ளே ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

நோயாளி கீழே விழாமல் இருக்க?

கட்டிலைத் தாழ்த்தி, சக்கரங்களைப் பூட்டி, அழைப்பு மணி, மூக்குக்கண்ணாடி, தண்ணீர், ஊன்றுகோல் ஆகியவற்றைக் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும். படுத்திருந்தவரை உடனே நிற்க வைக்காமல், சிறிது நேரம் கட்டில் விளிம்பில் உட்கார வைத்துத் தலைச்சுற்றல் இல்லை என்று உறுதி செய்தபின் எழுப்ப வேண்டும். பல விழுதல்கள் கழிப்பறைக்குப் போகும் அவசரத்தில் நிகழ்கின்றன, அவர் கேட்கும்வரை காத்திராமல், உணவுக்குப் பின்பும் உறங்கும் முன்பும் "கழிப்பறைக்குப் போக வேண்டுமா?" என்று நாமே கேட்பது எந்தக் கருவியையும்விட நல்ல தடுப்பு.

உணவு ஊட்டும்போது புரையேறினால்?

உடனே நிறுத்த வேண்டும். இருமல், கண்ணில் நீர், குரல் ஈரமாகக் கரகரப்பது ஆகியவை உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது என்பதற்கான அறிகுறிகள். நேராக உட்கார வைத்து, சிறு கரண்டியில், முந்தைய வாய் விழுங்கப்பட்டதைப் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும்; முடிந்தபின் அரை மணி நேரமாவது உட்கார்ந்த நிலையில் வைக்க வேண்டும். நின்றுகொண்டு ஊட்டாமல் அவருடைய கண்மட்டத்தில் உட்கார்ந்து ஊட்டினால், அவர் கழுத்தை நிமிர்த்தவும் நேராது. அவசரப்படுத்தப்படுவதாகவும் உணர மாட்டார்.

மூக்குவழிக் குழாயில் உணவு கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றைச் செலுத்தி வயிற்றில் சத்தம் கேட்பது நம்பத்தக்க சோதனை அன்று. உறிஞ்சி எடுத்த நீரின் அமிலத்தன்மையைத் தாளில் பார்ப்பதும், ஐயம் இருந்தால் எக்ஸ்ரே எடுப்பதுமே சரி.

கதீட்டர் பையை எங்கே வைக்க வேண்டும்?

எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். சக்கர நாற்காலியில் செல்லும்போது மடியில் வைத்தால் சிறுநீர் பின்னோக்கிப் பாய்ந்து தொற்றை உண்டாக்கும். பையை ஓர் உறையால் மறைப்பது சிறிய செயல். பார்வையாளர்கள் வரும் நேரத்தில் அது நோயாளிக்குப் பெரிய ஆறுதல். கதீட்டர் இன்னும் தேவையா என்று நாள்தோறும் கேட்க வேண்டும்.

நிலைமை மோசமாவதை முதலில் காட்டுவது எது?

பெரும்பாலும் மூச்சு வேகம். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 என்பது இயல்பு. கருவி தானாகக் காட்டாததால், எண்ணிப் பார்க்காமலே எல்லோருக்கும் ஒரே எண்ணை எழுதிவிடும் பழக்கம் உண்டு. அது நோயாளிக்குச் செய்யும் துரோகம். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடி மார்பின் ஏற்ற இறக்கத்தை முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். "அப்பா வழக்கம்போல் இல்லை" என்று மகள் சொன்னால், எல்லா அளவுகளும் இயல்பாக இருந்தாலும் மீண்டும் ஒரு முறை பார்ப்பது கடமை.

வலியை மிகைப்படுத்திச் சொல்கிறார் என்று தோன்றினால்?

வலியை அளக்கும் கருவி அதை அனுபவிப்பவரின் சொல் மட்டுமே. சுழியத்திலிருந்து பத்து வரை எண் கேட்டு, மருந்து கொடுத்தபின் மீண்டும் கேட்டு எழுத வேண்டும். சிரித்துப் பேசுகிறார், தூங்குகிறார் என்பதால் வலி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. பேச இயலாதவரிடம் புருவச் சுளிப்பு, முனகல், ஓர் உறுப்பைத் தொடவிடாமல் காப்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

குழப்ப நிலையில் குழாய்களைப் பிடுங்கும் நோயாளியைக் கட்டிவைக்கலாமா?

மற்ற எல்லா வழிகளும் தோற்ற பிறகு, மருத்துவரின் ஆணையோடு, குறுகிய நேரத்துக்கு, தொடர்ந்த கண்காணிப்பில் மட்டுமே. கட்டப்பட்டவர் இன்னும் அதிகமாகப் போராடுவார். தோல் கிழியும், மூச்சு அடைபடும் ஆபத்தும் உண்டு. திடீர்க் குழப்பத்துக்குக் காரணம் தேட வேண்டும்: தொற்று, ஆக்சிஜன் அல்லது சர்க்கரை குறைவு, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், வலி, புதிய மருந்து. கண்ணாடியையும் காது கருவியையும் அணிவித்து, இப்போது எந்த நேரம், எந்த இடம் என்று பொறுமையாகச் சொல்லி, தெரிந்த முகம் ஒன்றை அருகில் உட்கார வைத்தால் பலர் அமைதியடைவார்கள்.

"அவரிடம் நோயைப் பற்றிச் சொல்லாதீர்கள்" என்று குடும்பத்தார் கேட்டால்?

அவர்களுடைய அன்பை மதிக்க வேண்டும். பொய் சொல்ல ஒப்புக்கொள்ளக் கூடாது. நோயைப் பற்றிய தகவல் நோயாளிக்கு உரியது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், யாரிடம் சொல்லலாம் என்று அவரையே கேட்டு, மருத்துவரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும். அவருடைய அனுமதியின்றி உறவினரிடமும் விவரம் சொல்லக்கூடாது. வார்டில் எடுத்த படத்தை முகம் தெரியாவிட்டாலும் பகிரக்கூடாது.

ஷிஃப்ட் மாறும்போது எதைச் சொல்ல வேண்டும்?

இப்போது என்ன நிலை, இதுவரை நடந்தது என்ன, என் கணிப்பு என்ன, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் சொன்னால் முக்கியமானது விடுபடாது. இயன்றால் படுக்கையருகிலேயே, நோயாளியையும் சேர்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். விட்டதை அவரே சொல்வார். பிறர் கேட்கக் கூடாத விவரங்களை மட்டும் தனியே பேசலாம்.

தவறு நேர்ந்துவிட்டால் சொல்ல வேண்டுமா?

சொல்லியே ஆக வேண்டும், உடனே. முதலில் நோயாளியின் நிலையைப் பார்த்து, மருத்துவரை அழைத்து, பிறகு உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். நோயாளிக்கும் தெரிவிக்க வேண்டும். தவறு செய்தவரைத் தண்டிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் நிர்வாகம் அடுத்த தவறு மறைக்கப்படுவதற்கே வழி செய்கிறது. இரண்டு மருந்துக் குப்பிகள் ஒரே நிறத்தில் அருகருகே இருந்தனவா, இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் பார்த்தாரா என்று கேட்கும் நிர்வாகமே நோயாளிகளைக் காக்கும்.

வீட்டில் கவனிப்பவர்கள் எப்போது தாமதிக்காமல் உதவி கோர வேண்டும்?

மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், நெஞ்சுவலி, முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், எழுப்பியும் விழிக்காமை, திடீர்க் குழப்பம், நிற்காத ரத்தப்போக்கு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். கதீட்டர் இருந்தும் சில மணி நேரமாகச் சிறுநீர் வராமை, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், படுக்கைப்புண்ணில் துர்நாற்றம் ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவரிடமோ செவிலியரிடமோ பேசுங்கள். பேசும்போது கடைசியாகக் கொடுத்த மருந்துகளின் பெயரும் நேரமும் எழுதிய தாள் கையில் இருக்கட்டும். நோயாளி பேசக்கூடியவராக இருந்தால், தொலைபேசியை அவரிடமும் கொடுங்கள்.